ஓடுறதப் பாக்காம சொல்ற குறை

ஜனவரி மராத்தான் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க ரன்னிங் குரூப்ல ஒரு அக்கா மெடலோட போட்டோ போட்டாங்க. 53 வயசு, வேளச்சேரிப் பக்கம் வீடு, வாழ்க்கைல முதல் ஹாஃப் மராத்தான் (21.1 கிலோமீட்டர்), 3 மணி 12 நிமிஷம். போட்டோல முகமெல்லாம் உப்புப் பூத்திருக்கு, நெத்தில வச்ச பொட்டு பாதி கரைஞ்சு மூக்கு வரைக்கும் இறங்கியிருக்கு, ஆனா சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கு. வரிசையா கைதட்டல் வந்துச்சு, சூப்பர்க்கா, வாழ்த்துக்கள்க்கான்னு வந்துச்சு, நடுவுல ஒருத்தர், "3:12ஆ? மேடம் இது ரன்னா இல்ல பீச் வாக்கா? கட்-ஆஃப் டைட் பண்ணாதான் சீரியஸ் ரன்னர்ஸுக்கு மரியாதை இருக்கும்"னு போட்டார் (கட்-ஆஃப்னா ரேஸ முடிக்கக் குடுக்குற கடைசி நேரம்). அதுக்குக் கீழ ரெண்டு பேர் சிரிக்கிற முகம் போட்டாங்க. அப்புறம் யாரோ பிரேக்ஃபாஸ்ட் எங்கன்னு கேட்டாங்க, பேச்சு இட்லி பக்கம் போயிருச்சு.

ராத்திரி 11 மணிக்கு அந்த அக்கா குரூப்ப விட்டுப் போனாங்க. 2022லேர்ந்து வாட்ஸ்அப்ல ஒருத்தர் குரூப்ப விட்டுப் போனா அட்மினுக்கு மட்டும்தான் தகவல் வரும், மத்தவங்க திரையில ஒண்ணும் வராது. அதனால 240 பேர் இருந்த குரூப்ல அவங்க போனது அன்னைக்கு எங்க நாலு பேருக்குதான் தெரியும். நான் அந்த நாலு அட்மின்ல ஒருத்தன். பாத்துட்டு போன கவுத்து வச்சுட்டுப் படுத்துட்டேன்.

அந்த வருஷம் முழுக்க எனக்கு ஒரே கேள்விதான் உறுத்திட்டு இருந்துச்சு. அந்த மெசேஜ் போட்டவர எனக்கு நல்லாத் தெரியும். ஈசிஆர் ரோட்டுல லாங் ரன் போறப்போ 28வது கிலோமீட்டர்ல எனக்குக் கால் பிடிச்சுக்கிட்டு நின்னப்போ தன் ரன்ன விட்டுட்டு என் பக்கத்துல ரோட்டுல உக்காந்து கெண்டக்காலப் பிடிச்சுவிட்டவர் அவர், கைல இருந்த பாட்டில் தண்ணிய பாதிக்கு மேல எனக்கே குடுத்தவர். ரோட்டுல தெரியாத ஆளப் பாத்தாக்கூட "கமான், இன்னும் கொஞ்சம்தான்"னு கத்துறவர். அதே மனுஷன் வீட்டுல சோபால உக்காந்து போன எடுத்தா ஏன் இப்படி எழுதுறார்? அவர் மட்டும் இல்ல, இந்த ஊர்ல எந்த ஏரியா குரூப்ப எடுத்தாலும் ரோட்டுல ஒரு குணமும் போன்ல ஒரு குணமும் இருக்கு. மனுஷங்க கெட்டவங்கன்னு சொல்லிட்டுப் போனா அது விளக்கம் ஆகாது. இதுக்குன்னு சில காரணங்கள் இருக்கு, அதுல சிலது ஓட்டத்துக்கே உரியது.

முதல் காரணம் நம்பர். கிரிக்கெட் ஆடிட்டு வந்தா எப்படி ஆடுனன்னு கதையா சொல்லணும், பேட்மின்டன் ஆடுனா எதிர்ல யார் ஆடுனாங்கன்னு சொல்லணும். ஓட்டத்துக்கு அது தேவையே இல்ல, 21.1 கிலோமீட்டர், இத்தன மணி நேரம், முடிஞ்சுது. உலகத்துல யாரோட நேரத்தோடயும் நம்ம நேரத்த வச்சுப் பாத்துக்கலாம். அதான் இதோட அழகும். கென்யா ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 2019 அக்டோபர்ல வியன்னாவுல முழு மராத்தான் தூரத்த 1:59:40ல ஓடுனதும் (அது சாதனைக் கணக்குல சேராது, ஆனா ஓடுனது ஓடுனதுதான்) நம்ம பள்ளிக்கரணைப் பையன் 5 மணி நேரத்துல ஓடுறதும் அதே 42.195 கிலோமீட்டர். ஆனா அந்த நம்பர் குரூப்புக்கு வர்றப்போ கூட வர வேண்டியது எதுவும் வராது. அந்த அக்கா எத்தன மணிக்கு எந்திரிச்சு யாருக்கெல்லாம் சமைச்சு வச்சுட்டு வந்தாங்க, முழங்கால் எப்படி இருக்கு, எந்த இடத்துல வாந்தி வந்துச்சு, கடைசி 4 கிலோமீட்டர் யார் கையப் பிடிச்சு வந்தாங்க, இதெல்லாம் உதிர்ந்து போய் 3:12 மட்டும் வந்து நிக்கும். அந்த மூணு இலக்கத்தப் பாத்தவர் அதுக்குப் பதில் எழுதுனார், அக்காவுக்கு எழுதல.

நம்பர்ல இருந்து முதல்ல உதிர்றது வெயில்தான், அதுவும் சென்னைல. இங்க ஓடுறவங்களுக்கு எதிரி சூட்ட விட புழுக்கம். உடம்பு சூடு இறங்கணும்னா வேர்வை காத்துல ஆவியா போகணும், காத்துலயே ஈரம் நிறைஞ்சு இருந்தா வேர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது, பனியன் பிழியற அளவுக்கு நனையும், உடம்பு மட்டும் குளிராது. அப்போ ரத்தத்துல ஒரு பங்கு தோலுக்குப் போய் சூட்ட வெளியேத்தப் பாக்கும், கால் தசைக்கு அந்தளவு குறையும், இதயம் அத ஈடுகட்ட வேகமா அடிக்கும், பேஸ் (ஓடுற வேகம்) அதே இருந்தாலும் ஹார்ட் ரேட் ஏறிட்டே போகும். 2007ல வெளிவந்த ஒரு ஆய்வுல வட அமெரிக்காவுல நடக்குற 7 மராத்தானோட பல வருஷத்து முடிவுகள எடுத்து வானிலையோட வச்சுப் பாத்தாங்க. சூடும் ஈரமும் ஏற ஏற எல்லாருமே மெதுவாகுறாங்க, ஆனா முன்னாடி ஓடுறவங்கள விட பின்னாடி ஓடுறவங்களுக்கு அடி பலமா விழுது. இது எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுச்சு. நம்ம குரூப்ல வேகமா ஓடுறவர் "நானும் அதே வெயில்லதான ஓடுனேன்"னு சொல்றது வழக்கம். அதே வெயில் இல்ல. விடியறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் ஆகுற ரேஸ்ல அவர் சூரியன் தலைக்கு மேல வர்றதுக்குள்ள முடிச்சுட்டு நிழல்ல உக்காந்து எலக்ட்ரால் குடிக்கிறார், 6 மணி நேரக்காரர் காலைல 10 மணி வரைக்கும் தார் ரோட்டுல நிக்கிறார். அந்தக் கடைசி வெயில் நேரத்த வேகமா ஓடுறவர் ஓடவே இல்ல.

ரெண்டாவது காரணம், யார் யார அடிக்கிறாங்கங்கறது. நான் பாத்த வரைக்கும் நிஜமாவே வேகமா ஓடுறவங்க பெரும்பாலும் எதுவும் சொல்றது இல்ல. 2:20ல ஹாஃப் முடிக்கிறவரத்தான் 2:10காரர் நோண்டுவார், 2:10காரர 1:58காரர் நோண்டுவார். லியோன் ஃபெஸ்டிங்கர்ங்கற அமெரிக்க உளவியல்காரர் 1954ல சமூக ஒப்பீடு பத்தி எழுதுனப்போ இதத்தான் சொன்னார், நம்ம திறமைய அளக்க வேற அளவுகோல் இல்லாதப்போ மத்த மனுஷங்கள வச்சுதான் அளக்குறோம், அதுவும் ரொம்ப தூரத்துல இருக்கறவங்கள விட்டுட்டு நமக்குக் கிட்ட இருக்கறவங்களத்தான் எடுத்துக்குறோம். கிப்சோகேய பாத்து யாருக்கும் வயிறு எரியாது. அடுத்த தெருக்காரர் போன வருஷம் நம்ம பின்னாடி வந்துட்டு இந்த வருஷம் முன்னாடி போனாத்தான் தூக்கம் வராது. 4 மணி நேரத்துல மராத்தான் ஓடுறவர் 5 மணி நேரக்காரர விட 1 மணி நேரம் முன்னாடி, கிப்சோகேவ விட 2 மணி நேரம் பின்னாடி. சிவ்நாத் சிங் 1978ல ஜலந்தர்ல 2:12:00 ஓடி வச்ச இந்திய மராத்தான் சாதனை 40 வருஷத்துக்கு மேல அப்படியே நின்னுச்சு, இன்னைக்கு இருக்குற ஷூ, ஜெல், வாட்ச் எதுவும் இல்லாத காலம் அது. அவரோட வச்சுப் பாத்தா நம்ம குரூப்ல 240 பேரும் ஒரே கூட்டம்தான், அந்தக் கூட்டத்துக்குள்ள யார் சீரியஸ் ரன்னர், யார் இல்லன்னு கோடு போடுறதுக்கு எந்த அடிப்படையும் இல்ல.

மூணாவது, அரைகுறையாக் கத்துக்கிட்ட விஷயம். இதுதான் எங்க குரூப்ல ரொம்ப சேதம் பண்ணுச்சுன்னு நினைக்கிறேன், ஏன்னா இது அக்கறை மாதிரியே வரும். யாராவது ஓடுற வீடியோ போட்டா போதும், "குதிகால்ல லேண்ட் ஆகுறீங்க, முட்டி போயிரும்", "கேடன்ஸ் 160தான், 180 இருக்கணும், அடிப்படையே தப்பு". கேடன்ஸ்னா நிமிஷத்துக்கு எத்தன அடி வைக்கிறோம்ங்கறது. 180 எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா தெரியாது. ஜாக் டேனியல்ஸ்ங்கற கோச் 1984 ஒலிம்பிக்ல ஓடுனவங்களோட அடிய எண்ணிப் பாத்து, அவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே நிமிஷத்துக்கு 180 இல்ல அதுக்கு மேல வைக்கிறாங்கன்னு பதிவு பண்ணார். அது உலகத்தோட உச்சில இருந்தவங்க ரேஸ் வேகத்துல ஓடுறப்போ எண்ணுன கணக்கு, கிலோமீட்டருக்கு 8 நிமிஷம் பேஸ்ல கோட்டூர்புரத்துல ஓடுற உயரமான ஆளுக்கு அதே எண் சட்டம் ஆகாது. குதிகால் கதையும் அப்படித்தான். ஜப்பான்ல சப்போரோ ஹாஃப் மராத்தான்ல 15 கிலோமீட்டர் இடத்துல கேமரா வச்சு, வெளிநாட்டு முன்னணி ஓட்டக்காரங்க உட்பட 283 பேரோட கால் தரைல படுறத எடுத்துப் பாத்தாங்க, கிட்டத்தட்ட நாலுல மூணு பேர் குதிகால்தான் முதல்ல வைக்கிறாங்க. நம்ம குரூப்ல அவங்க வீடியோ போட்டிருந்தா அவங்களுக்கும் பாடம் எடுத்திருப்பாங்க.

இதுல நான் பண்ணதையும் சொல்லணும். ஒரு தம்பி, ஐடி கம்பெனில நைட் ஷிஃப்ட், பள்ளிக்கரணைல ரூம், புதுசா வாட்ச் வாங்கி ஸ்ட்ராவாங்கற ரன்னிங் ஆப்ல தினமும் ரன் போடுவான். ஒரு நாள் "ஈஸி ரன், ஸோன் 2"ன்னு தலைப்பு போட்டு 7 கிலோமீட்டர் போட்டிருந்தான், சராசரி ஹார்ட் ரேட் 168. ஸோன் 2ன்னா பேசிக்கிட்டே ஓடுற அளவுக்கு ஹார்ட் ரேட் குறைவா இருக்கணும். நான் குரூப்ல எல்லார் முன்னாடியும், "168ல ஸோன் 2வா? சும்மா உருட்டாதீங்க தம்பி, முதல்ல பேஸிக்ஸ் படிங்க"ன்னு எழுதுனேன். பத்துப் பதினஞ்சு பேர் சிரிச்சாங்க. எனக்கு அப்போ நல்லாத்தான் இருந்துச்சு, தப்பத் திருத்தி விட்டேன்னு ஒரு திருப்தி. அவன் "ஓகே சார்"னு போட்டான். அதுக்கப்புறம் அவன் ரன் எதுவும் என் கண்ணுல படல, மூடி வச்சுட்டான்.

ரொம்ப நாள் கழிச்சு என் வாட்ச்சே எனக்கு அந்தப் பாடத்தச் சொல்லிக் குடுத்துச்சு. ஜூலைல ஒரு விடிகாலை அடையாறு திரு.வி.க. பாலத்து மேல ரொம்ப மெதுவா, பேசிக்கிட்டே ஓடுறேன், வாட்ச் 171 காட்டுது. நின்னு கழுத்துல விரல் வச்சு எண்ணுனா 130 பக்கம். மணிக்கட்டு வாட்ச் பச்ச வெளிச்சத்த தோல்ல அடிச்சு ரத்தம் போற துடிப்ப அளக்குது. பட்டை தளர்வா இருந்தாலோ வேர்வைல வழுக்குனாலோ கை ஆடுற தாளத்த ரத்தத் துடிப்புன்னு எடுத்துக்கும், அப்போ அது காட்டுறது இதயத் துடிப்பு இல்ல, நம்ம காலடி எண்ணிக்கை. என் கேடன்ஸ் 170 பக்கம். வீட்டுக்கு வந்து அந்தத் தம்பியோட பழைய ஸ்கிரீன்ஷாட்ட குரூப்ல மேல போய்த் தேடி எடுத்தேன். ஹார்ட் ரேட் 168, அதுக்கு ரெண்டு வரி கீழ கேடன்ஸ் 168. ரெண்டும் ஒரே எண். அவ்வளவு தெளிவா அங்கயே இருந்துருக்கு, நான் ஒரு வரிய மட்டும் படிச்சுட்டு அவன உருட்டுறான்னு சொல்லியிருக்கேன். அப்படியே அவனுக்கு நிஜமாவே 168 அடிச்சிருந்தாக்கூட, அதிகபட்ச ஹார்ட் ரேட்டுக்கு 220ல வயசக் கழிக்கிற கணக்கு ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு முன்ன பின்ன போகும்னு அதே "பேஸிக்ஸ்"லதான் இருக்கு.

எங்க ஸ்கூல் பி.டி. வாத்தியார் எங்கள திட்டாத திட்டு இல்ல. வாயில விசில், கைல குச்சி, "எருமை மாதிரி ஓடுறியே"ன்னு கிரவுண்ட் முழுக்கக் கேக்குற மாதிரி கத்துவார். ஆனா அவர் எங்க கூடவே அந்த வெயில்ல நின்னார். எவன் காலைல சாப்பிடாம வந்திருக்கான், எவனுக்கு மூச்சிரைப்பு இருக்கு, எவன் நிஜமாவே சோம்பேறித்தனம் பண்றான்னு அவருக்குத் தெரியும், மூச்சிரைக்கிறவன ஒரு நாளும் கத்த மாட்டார், நிழல்ல உக்கார வச்சுருவார். அவர் சொன்னது எல்லாமே சரின்னு நான் சொல்ல வரல, பசங்கள எருமைன்னு சொல்லாமயே அதச் சொல்லியிருக்கலாம். ஆனா அவர் கண்ணால பாத்துட்டு சொன்னார், சொன்னதுக்கு மறுநாளும் அதே கிரவுண்டுல நம்ம முகத்தப் பாத்து நிக்கணும். எங்க குரூப்ல திருத்துற யாரும் திருத்தப்படுறவங்க ஓடி ஒரு நாளும் நேர்ல பாத்தது இல்ல. அந்த அக்கா ஓடுறத அந்த மனுஷன் பாத்ததில்ல, அந்தத் தம்பி ஓடுறத நான் பாத்ததில்ல.

ஜான் சூலர்ங்கற உளவியல்காரர் 2004ல ஒரு கட்டுரை எழுதுனார், நேர்ல பேச மாட்டோம்ங்கறத திரைல மட்டும் ஏன் பேசுறோம்னு. பேர மறைச்சுக்கலாம்ங்கறது அவர் சொன்ன காரணங்கள்ல ஒண்ணு மட்டும்தான். எதிர்ல இருக்கறவர் முகம் தெரியாதது, நாம சொன்னதுக்கு அவர் அந்த நொடியே பதில் சொல்ல வேண்டாங்கறது, இதெல்லாம் தனித்தனிக் காரணம்னு பிரிச்சுக் காட்டுறார். எங்க குரூப்புக்கு இது அப்படியே பொருந்துது, ஏன்னா எங்க யாருக்கும் போலிப் பேர் கிடையாது, எல்லாருக்கும் எல்லார் போன் நம்பரும் தெரியும், வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கோம். ஆனாலும் அந்த அக்கா முகம் வாடுறத அவர் பாக்கல. அக்கா கடற்கரைல நின்னு நேர்ல 3:12ன்னு சொல்லியிருந்தா, அந்தக் கரைஞ்ச பொட்டப் பாத்துட்டு அவரால அப்படிச் சொல்லியிருக்கவே முடியாது.

பெண்களுக்கு வர்றது இன்னொரு வகை, அது நேரத்தப் பத்தியே இருக்காது. ஷார்ட்ஸ் ஏன், காலைல நாலரைக்கு ஏன் தனியா, வீட்டுல விட்டாங்களா, குழந்தைய யார் பாத்துக்கிறா, போட்டோல எடை கூடுன மாதிரி இருக்கே, எடை குறைஞ்ச மாதிரி இருக்கே. பெண்களால நீண்ட தூரம் முடியாதுங்கற பேச்சுக்கு ரொம்ப நாள் வரலாறு இருக்கு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ல பெண்கள் 800 மீட்டர் ஓடி முடிச்சப்போ எல்லாரும் சுருண்டு விழுந்துட்டாங்கன்னு பத்திரிகைகள் ஊதிப் பெருசாக்குச்சு, அதுக்கப்புறம் 1960 வரைக்கும் ஒலிம்பிக்ல பெண்களுக்கு அந்த ஓட்டமே இல்ல. 1967ல கேத்ரின் ஸ்விட்சர் பாஸ்டன் மராத்தான் ஓடிட்டு இருக்கும்போதே ரேஸ் அதிகாரி ஒருத்தர் பின்னாடி ஓடி வந்து அவங்க சட்டைல குத்தியிருந்த நம்பர் அட்டைய (பிப்) பிடுங்கப் பாத்தார். பெண்கள் மராத்தான் ஒலிம்பிக்குக்கு வந்தது 1984ல. அந்த அதிகாரி செஞ்சத இன்னைக்கு எந்த ரேஸ்லயும் யாரும் செய்ய முடியாது, ஆனா அஞ்சாறு பெண்கள் ஏன் நாங்க போட்டோவே போடுறது இல்லன்னு என்கிட்ட சொன்ன காரணங்களக் கேட்டா, பிடுங்குற கை மட்டும்தான் மாறியிருக்குன்னு தோணுது.

கடுமையாச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லையான்னு சிலர் கேப்பாங்க, அட்மின்ங்கற முறைல என்கிட்டயே கேட்டிருக்காங்க, எல்லாத்துக்கும் கை தட்டிட்டே இருக்கணுமான்னு. இருக்கு, நிச்சயமா இருக்கு. ரேஸுக்கு முன்னாடி வலி மாத்திரை போட்டுட்டு ஓடுறேன்னு ஒருத்தர் சொன்னா, உடம்புல தண்ணி வத்துற நேரத்துல அந்த மாத்திரை கிட்னிய அடிக்கும்னு அழுத்திச் சொல்லணும். தாகம் இல்லாட்டியும் ஸ்டால் ஸ்டாலா தண்ணி குடிச்சிட்டே இருங்கன்னு யாராவது புதுசா வந்தவங்களுக்குச் சொன்னா நிறுத்தணும். 2002 பாஸ்டன் மராத்தான் முடிச்சவங்கள்ல 488 பேர் ரத்தத்தச் சோதிச்சப்போ 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவுக்குக் கீழ இறங்கியிருந்துச்சு, அளவுக்கு மீறித் தண்ணி குடிக்கிறதுதான் அதுக்குப் பெரிய காரணம். நெஞ்சுல என்னவோ பண்ணுதுன்னு ஒருத்தர் சொன்னா, ஓடாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்றதுல மென்மை தேவையில்ல. ஆனா பாருங்க, இதெல்லாம் சொல்லணும்னா அவங்க முதல்ல வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். ஒரு தடவ கேலி வாங்குனவங்க அடுத்த தடவ வலிய வெளில சொல்ல மாட்டாங்க.

எங்க குரூப்லயே ஒருத்தர், டிசம்பர்ல முன்னங்கால் எலும்புல வலின்னு எழுதுனார். "ரேஸ் கிட்ட வந்தாலே சில பேருக்கு வலி வந்துரும்"னு பதில் வந்துச்சு. அவர் அதுக்கப்புறம் வலியப் பத்திப் பேசவே இல்ல, ஜனவரில ஓடுனார், 31வது கிலோமீட்டர்ல நடக்க முடியாம ஆம்புலன்ஸ்ல வந்தார், எலும்புல கீறல், மூணு மாசம் கட்டில். விரல் வச்சு ஒரே புள்ளில அழுத்துனா சுள்ளுனு வலிக்குதா, ஒத்தக் கால்ல குதிச்சா வலிக்குதான்னு அன்னைக்கு யாராவது கேட்டிருந்தா போதும், அப்படி ஒரே புள்ளில வலிச்சா ஓட்டத்த நிறுத்தி டாக்டரப் பாக்கணும்னு இங்க பல பேருக்குத் தெரியும். தெரிஞ்சவங்க அந்தச் சிரிப்புக்கு நடுவுல பேசல.

ஏமாத்துறவங்க விஷயம் இன்னும் சிக்கல். ஒருத்தர் பிப்ல இன்னொருத்தர் ஓடுறது, யூ-டர்ன்க்கு முன்னாடியே திரும்பிடுறது, இதெல்லாம் நடக்குது, நியாயமா ஓடுறவங்களுக்குக் கோவம் வர்றது சரிதான். வழில நேரம் பதியற டைமிங் மேட்ல பதிவாகாதது, நடுவுல ஒரு 5 கிலோமீட்டர் மட்டும் நம்பவே முடியாத பேஸ், இதெல்லாம் ரேஸ் நடத்துறவங்ககிட்ட எழுதிக் குடுக்க வேண்டிய ஆதாரம். குரூப்ல ஆள நிக்க வச்சுக் கல்லெறியறதுக்கான ஆதாரம் இல்ல. 2019 லாஸ் ஏஞ்சல்ஸ் மராத்தான்ல ஃபிராங்க் மெஸாங்கற 70 வயசு டாக்டர் 2:53:10ல முடிச்சார். அந்த வயசுக்கு நம்ப முடியாத நேரம். முன்பின் தெரியாதவங்க அவரோட போட்டோக்களையும் ஸ்ப்ளிட்டையும் (வழில ஒவ்வொரு இடத்துக்கும் எடுத்த நேரம்) மாசக்கணக்கா நெட்ல அலசுனாங்க. கோர்ஸ விட்டு விலகி வேற இடத்துல சேர்ந்தது கேமராவுல பதிவாயிருக்குன்னு சொல்லி ரேஸ் நடத்துனவங்க அவர தகுதி நீக்கம் பண்ணாங்க, அவர் நான் ஏமாத்தலன்னு கடைசி வரைக்கும் சொன்னார். ஜூலை 4 அன்னைக்கு அவர் உடல் கிடைச்சுது, தற்கொலைன்னு பதிவாச்சு. தகுதி நீக்கம் சரியா தப்பாங்கறது வேற, அது ரேஸ் நடத்துறவங்க வேலை, அத அவங்க செஞ்சாங்க. ஆனா ஒரு மனுஷன் பண்ணதாச் சொல்ற தப்போட அளவுக்கும் அவர் மேல வந்து விழுந்த வார்த்தைகளோட அளவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமப் போச்சு, ஏன்னா எழுதுன ஒவ்வொருத்தரும் தான் ஒரே ஒரு வரிதான் எழுதுறோம்னு நினைச்சிருப்பாங்க. வாங்குறவர் ஒருத்தர்தான், அவருக்கு எல்லா வரியும் வரும்.

அந்த ஒரு வரிக் கணக்கு எங்க குரூப்புக்கும் பொருந்தும். அந்த அக்காவுக்கு 60 பேர் வாழ்த்து சொன்னாங்க, ஒருத்தர்தான் கேலி பண்ணார், ரெண்டு பேர்தான் சிரிச்சாங்க. நல்லது 60, கெட்டது 3, அப்புறம் ஏன் போனாங்கன்னு ஒரு அட்மின் கேட்டார். நம்ம மனசு அப்படிக் கூட்டிக் கழிக்கிறது இல்ல. 2001ல ராய் பாமைஸ்டரும் அவர்கூட மூணு பேரும் சேர்ந்து பல வருஷத்து ஆய்வுகளத் திரட்டிப் பாத்து எழுதுனது, கெட்டது நல்லத விட பலமாப் பதியுது, வார்த்தைலயும் உறவுலயும் அனுபவத்துலயும் அப்படித்தான்னு. கல்யாண வீட்டுல நூறு பேர் நல்லா இருக்குன்னு சாப்பிட்டுப் போனாலும் ரசத்துல உப்பு கம்மின்னு சொன்ன ஒரு சித்தப்பாதான் பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த 60 வாழ்த்தும் ஒரே மாதிரி கைதட்டுற படமும் ஒத்த வார்த்தையும்தான், கேலி மட்டும்தான் முழு வாக்கியமா வந்துச்சு.

அப்புறம் எங்க மௌனம். 240 பேர்ல கேலி பண்ணவரையும் சிரிச்ச ரெண்டு பேரையும் அக்காவையும் விட்டா, மத்த 236 பேர் அந்தக் கேலிக்கு ஒண்ணும் சொல்லல. நானும் சேத்துதான். ஏன்னா அவர் மூத்தவர், நல்லவர், குரூப்புக்கு நிறைய பண்ணவர், எதுக்கு வம்புன்னு. சென்னைல இந்த ஓட்டக் கலாசாரம் வளர்ந்ததே மூத்தவங்க தானா முன்வந்து புதுசா வந்தவங்களக் கூட்டிட்டுப் போனதுலதான். 2006ல சென்னை ரன்னர்ஸ் ஆரம்பிச்சதுக்கப்புறம் ஏரியா ஏரியாவா கூடி ஓடுற பழக்கம் பரவுச்சு, அதப் பாத்துதான் எங்கள மாதிரி சின்னச் சின்ன குரூப்புகளும் தனியா முளைச்சுது, காசு வாங்காம விடிகாலைல எந்திரிச்சு வந்து தண்ணி வச்சு வழி காட்டுறவங்க இந்த ஊர்ல ஏகப்பட்ட பேர் இருக்காங்க. அந்த மரியாதைலதான் அவங்க சொன்னா யாரும் எதிர்த்துப் பேசுறது இல்ல, அதே மரியாதைலதான் நாங்க அவர்கிட்ட தனியா ஒரு போன் பண்ணி "அண்ணே, அது அக்காவுக்கு வலிச்சிருக்கும்"னுகூட சொல்லல. சொல்லியிருந்தா அவர் கேட்டிருப்பார். ஒரு வருஷம் கழிச்சு நான் சொன்னப்போ கேட்டார். அவருக்கு அந்த மெசேஜே ஞாபகம் இல்ல, தேடிப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல, அன்னைக்கே அக்காவுக்குப் போன் பண்ணிப் பேசுனார்.

அக்காவ நான் அதுக்கு முன்னாடியே பெசன்ட் நகர் பீச்ல பாத்தேன். காலைல அஞ்சு மணி, ஷ்மிட் நினைவுச்சின்னத்துகிட்ட தனியா ஸ்ட்ரெச் பண்ணிட்டு இருந்தாங்க. ஏன்க்கா வர்றதில்லன்னு கேட்டேன், "நான் மெதுவாத்தான் தம்பி ஓடுவேன், உங்களுக்கெல்லாம் எதுக்கு இடைஞ்சல்"னாங்க. கோவமா சொல்லல. அதான் எனக்குத் தாங்கல. குரூப்ப விட்டுப் போனாங்களே தவிர அந்த மெசேஜ்ல இருந்தத நிஜம்னு எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க, ஒரு வருஷம் அத வச்சுக்கிட்டே ஓடியிருக்காங்க.

இப்போ குரூப்ல ஒரே ஒரு விஷயம் மாத்துனோம். நேரம் போடலாம், கேலி பண்ணக்கூடாதுன்னு சட்டம் எல்லாம் போடல, போட்டாலும் நிக்காது. ஒருத்தர் ஓடுறதப் பத்தித் திருத்தம் சொல்லணும்னா ஞாயித்துக்கிழமை அவர்கூட ஒரு 5 கிலோமீட்டர் அவர் பேஸ்ல ஓடிட்டுச் சொல்லுங்க, அதுவும் அவர்கிட்ட மட்டும். அவ்வளவுதான். குரூப்ல சத்தம் பாதி குறைஞ்சுது, ஏன்னா முக்கால்வாசி திருத்தத்துக்கு 5 கிலோமீட்டர் செலவு பண்ண யாரும் தயாரா இல்ல.

நான் அந்தப் பள்ளிக்கரணைத் தம்பிக்குப் போன் பண்ணி கேடன்ஸ் விஷயத்தச் சொன்னேன், நான் எழுதுனது தப்புன்னு சொன்னேன், குரூப்லயும் எழுதுனேன். அவன் "பரவால்ல சார்"னு நாலு தடவ சொன்னான். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை வந்தான். பீச்லேர்ந்து உடைஞ்ச பாலம் பக்கம் போற ரோட்டுல அவன முன்னாடி விட்டு நான் பின்னாடி ஓடுனேன். முதல் கிலோமீட்டர்லயே தெரிஞ்சுது, அவன் இடது கால் முழுசா மடங்கல, ஒவ்வொரு அடிக்கும் இடுப்ப லேசாத் தூக்கிப் போட்டுதான் அந்தக் காலக் கொண்டு வர்றான். கேட்டேன். காலேஜ்ல பைக் ஆக்ஸிடென்ட் சார், பிளேட் வச்சிருக்கு, டாக்டர் நடந்தா போதும்னார்னான். கிலோமீட்டருக்கு 7:40 பேஸ்ல கடல் காத்துல ஓடிட்டே அதச் சொன்னான், மூச்சு வாங்கவே இல்ல.